கண்ணையன் தின்னாத பன்

ஓய்வு பெற்ற பெண்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். என் அக்கா டி.வி.யில் தொடர் பார்க்கிறாள். எதிர்வீட்டு இஃப்ஃபத் டீச்சர் மொட்டைமாடியில் ரோஜா வளர்க்கிறார். என் மனைவி ஜீனத்துன்னிசாவோ, ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்தது போதாதென்று, விடியற்காலை பஜ்ர் தொழுகை முடிந்த கையோடு ஒயர் கூடையில் பஞ்சையும் கட்டுத்துணியையும் அடுக்கிக்கொண்டு, "ஏங்க, வண்டிய எடுங்க" என்கிறாள். பஸ் ஸ்டாண்டிலும் பார்க் ஓரத்திலும் பீச் ரோட்டுப் பக்கத்திலும் படுத்துக் கிடப்பவர்களுக்குப் புண் கட்டுவதற்கு. வண்டி ஓட்டக் கற்றுக்கொள் என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. "அதான் நீங்க இருக்கீங்களே" என்பாள். என் ஸ்கூட்டரில் பெட்ரோல் வாடையைவிட டிங்சர் வாடைதான் தூக்கலாக இருக்கும்.

நான் காந்தி வீதியில் செருப்புக் கடை வைத்திருக்கிறேன். ஒரு காலைப் பார்த்தால் எனக்கு எட்டா ஒன்பதா என்று தோன்றும். அவளுக்கு அதில் சர்க்கரை, ஆணி, வெடிப்பு, வீக்கம் எல்லாம் தெரியும். பெண் பார்க்கப் போன அன்று முல்லா வீதியில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் தலைகுனிந்தபடி வந்தாள். வெட்கம் என்று நினைத்து நான் பூரித்துப் போனேன். கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னாள், என் கால் கட்டைவிரல் நகத்தில் சொத்தை இருந்ததாம், அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அன்றே சுதாரித்திருக்க வேண்டும்.

அவளுடைய நோயாளிகளிலேயே என்னை அதிகம் படுத்தி எடுத்தவன் கண்ணையன். ஐம்பதைத் தாண்டியவன். பீச் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில், மூடிக் கிடக்கும் பழைய ஜவுளிக் கடையின் வாசலில் படுத்துக்கொள்வான். வெளியூர்க் கார்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்து, "வா வா வா, ஒட்ச்சிக்கோ, போதும்!" என்று கையாட்டுவதுதான் அவன் தொழில். சர்க்கரை வியாதி முற்றிப்போய் ஊசிக்கு வந்தவன். வெறுங்காலோடு தார் ரோட்டில் நிற்கிறானே என்று என் கடையிலிருந்தே பின்பட்டை வைத்த நல்ல செருப்பு ஒன்று கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துப் போனால் அதே வெறுங்கால், கட்டைவிரலுக்கு அடியில் புண்.

"செருப்பு எங்கடா?" என்றேன்.

தலைமாட்டு மூட்டையைப் பிரித்துக் காட்டினான். பிளாஸ்டிக் கவரில் சுற்றி, துளி தூசி இல்லாமல் வைத்திருந்தான். "புதுசு பாய். ரோட்ல போட்டா அழுக்காயிடும்."

இப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஜீனத் புண்ணைக் கழுவ உட்கார்ந்துவிட்டாள்.

சுகாதார நிலையத்தில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கும். அதை எங்கே வைப்பது என்பதுதான் இலவசமாகக் கிடைக்காத விஷயம். வெயிலில் கிடந்தால் மருந்து கெட்டுவிடும். பிளாட்பாரத்தில் ஏது பிரிட்ஜ்? முதலில் ஒரு மண்பானையில் ஈர மணல் போட்டு அதற்குள் வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது. யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று நடைபாதையைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் பானையையும் மருந்தையும் குப்பை வண்டியில் போட்டுக்கொண்டு போனார்கள். அடுத்து டீக்கடை ராஜ்கமலிடம் கெஞ்சி அவன் பிரிட்ஜில் வைத்தோம். பாலுக்குப் பக்கத்தில் ஊசி மருந்தா என்று டீ குடிக்க வந்த யாரோ முகம் சுளிக்க, அவன் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டான். பிறகு எங்கள் வீட்டு பிரிட்ஜ்தான். காலை, மாலை இரண்டு வேளையும் மருந்தைச் சுமந்துகொண்டு போய் அவள் ஊசி போட, நான் வண்டி ஓட்டினேன். மாலையில்தான் எனக்குச் செருப்பு வியாபாரம் நடக்கும் நேரம். அதை யார் கேட்கிறார்கள்?

இந்த நேரத்தில்தான் எங்கள் மகள் நஸ்லினுக்குக் காரைக்காலில் பிரசவம். இரண்டு வாரமாவது அங்கே இருந்தாக வேண்டும். ஜீனத் கண்ணையனுக்குத் தானே ஊசி போட்டுக்கொள்ளக் கற்றுக் கொடுத்தாள். எந்தக் கோடுவரை மருந்தை இழுப்பது என்று சிரிஞ்சில் சிவப்பு டேப் ஒட்டினாள். அவனும் சரியாகவே செய்தான். மருந்தை வைக்கத்தான் இடமில்லை. அப்போது தெருமுனையில் மீன் விற்கும் குருசுக்குப்பத்துப் பாக்கியலட்சுமி தானாகவே எழுந்து வந்தாள்.

"இன்னா நர்சம்மா, இதுக்குப் போயி இவ்ளோ யோசன? எங்கிட்டதான் ஐஸ் பெட்டி கீதே. ரெண்டு வேளையும் இங்கதான கட போட்றேன். நான் பாத்துக்கறேன், குடு."

ஜீனத்துக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. "சூடு மட்டும் படவே கூடாது பாக்கியம். நல்லா ஜில்லுனு இருக்கணும்" என்று மருந்தைக் கொடுத்தாள். நிம்மதியாகக் காரைக்கால் போனோம். பேரன் பிறந்தான்.

திரும்பி வந்த அன்று மாலையே வண்டியை எடுக்கச் சொன்னாள். கண்ணையன் காலின் கட்டைப் பிரித்தபோது வாடை என் மூக்கு வரை வந்தது. கட்டைவிரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன. பாதம் முழுக்க வீங்கியிருந்தது. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். வந்த எண்ணை நம்பாமல் இன்னொரு தடவை குத்தினாள். அதன்பிறகு அவளுக்கு வந்த கோபத்தை நான் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை.

"ஊசி போட்டியா இல்லியா?"

"ரெண்டு வேளையும் போட்டேன் நர்சம்மா."

"பொய் சொல்லாத. ஊசி போட்டிருந்தா இவ்ளோ ஏறுமா? இன்னா தின்ன? பன்னா? டீக்கடையில சக்கர போட்டு டீயா? நான் அந்தப் பக்கம் போனதும் இஷ்டத்துக்குத் தின்னிருக்க. கால் போயிடும், தெரியுதா? அப்புறம் எப்டி நின்னு கார் ஓரங்கட்டுவ?"

"நான் எத்தினியோ பொய் சொல்லிக்கிறேன் நர்சம்மா. இது பொய்யில்ல" என்றான். அவள் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் நம்பவில்லை. செருப்பைக் கவரில் சுற்றி வைத்தவன்தானே.

இனி நானே போடுகிறேன் என்று அவள் விறுவிறுவென்று தெருமுனைக்குப் போனாள். பாக்கியலட்சுமி பெருமையோடு பெட்டியைத் திறந்தாள். வஞ்சிரத்தை விலக்கினாள், சங்கராவை விலக்கினாள், கல்லுப்புத் தூவிய ஐஸை அடிவரை தோண்டினாள். அடியிலிருந்து பிளாஸ்டிக்கில் சுற்றிய மருந்து புட்டியை எடுத்து நீட்டினாள்.

"பாருங்க, எப்டி வச்சினுகிறேன்! சும்மா மேலால வச்சா ஐஸ் கரஞ்சிடும்மா. எங்க ஊட்ல மீன் கெடாம இருக்க உப்பு போட்டு அடியிலதான் பொதைப்போம். அவன் வந்து கேட்டா உள்ளங்கையில வச்சி உருட்டி உருட்டி தண்ணியாக்கிக் குடுப்பேன். ஒரு நாள் தவறல."

ஐஸோடு உப்பும் சேர்ந்த குளிரில் புட்டி கல்லாக உறைந்திருந்தது. ஜீனத் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கைச்சூட்டில் அது இளகியதும் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். குலுக்கினால் பால் போலக் கலங்க வேண்டிய மருந்து, திரிந்த பாலாகத் துணுக்குத் துணுக்காக மிதந்தது. கண்ணையனுக்குக் கிட்டத்துப் பார்வை அவ்வளவாகத் தெரியாது. சிவப்பு டேப் மட்டும்தான் தெரியும்.

"ரொம்ப நல்லா வச்சிருக்க பாக்கியம்" என்றாள் என் மனைவி. வண்டியில் ஏறி, தெரு திரும்பியதும் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். "ஒறஞ்சா செத்துப் போயிடுங்க அந்த மருந்து. ரெண்டு வாரமா வெறும் தண்ணியத்தான் குத்திக்கிட்டிருக்கான். ஜில்லுனு இருக்கணும்னு சொல்லத் தெரிஞ்ச எனக்கு, ஒறையக் கூடாதுன்னு சொல்லத் தெரியலியே. அவனப் போயி என்னா பேச்சு பேசிட்டேன்."

யார் மேல் கோபப்படுவது? எனக்கு அதுதான் ஆத்திரமாக இருந்தது. திட்டுவதற்கு ஆள் கிடைத்தால் மனிதனுக்குக் கொஞ்சம் ஆறுதலாவது இருக்கும்.

அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தாமதித்தால் கணுக்காலோடு எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். சேர்க்கிற இடத்தில் முதல் கேள்வி, "பேஷண்ட் கூட யாரு?" கூட யாரும் இல்லாதவனுக்குத்தானே இந்தக் கதி என்று நான் ஆரம்பித்தேன். மருந்து வாங்க, ரத்தப் பரிசோதனைக்கு ஓட, சக்கர நாற்காலி தள்ள ஒருவர் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் கட்டுப் போட்டு அனுப்பிவிடுவோம் என்றார்கள். நான் இருக்கிறேன் என்றாள் ஜீனத். ஆண்கள் வார்டில் ராத்திரி பெண்கள் தங்கக் கூடாதாம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்க என்ன உறவு?" என்று கேட்டார் வார்டு நர்ஸ்.

"அண்ணன்."

"பேரு?"

"சிராஜுதீன்."

அவர் கண்ணையனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரிண்ணே, கட்டில் பக்கத்துல போய் நில்லுங்க" என்றார்.

இரண்டு விரல்கள் போயின. பாதம் தப்பியது. எடுத்த அன்று முழுக்க, வெட்டு இன்னும் மேலே போகுமா போகாதா என்று தெரியாமல் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். கடை பூட்டிக் கிடந்தது. எவனோ ஒருவனுடைய காலுக்காக நான் ஏன் இப்படித் தவிக்கிறேன் என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது.

அவன் எழுந்து உட்கார்ந்ததும் ஜீனத் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். பாக்கியலட்சுமியிடமும் பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன் என்றாள். அவன் பதறிப்போனான்.

"வேணாம் நர்சம்மா. அந்தக்கா காதுல போட்டுடாதீங்க. ரெண்டு வேளையும் யாவாரத்த வுட்டுட்டு, எனக்காக ஐஸத் தோண்டி எடுத்துக் குடுத்தாங்க. எனக்குன்னு ஒரு பொருள ஒருத்தர் பத்தரமா வச்சது இதான் மொத தபா. நான் பன்னு தின்னதாவே இருந்துட்டுப் போவட்டும்."

அதைக் கேட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புண் ஆறியதும் அவன் பழைய இடத்துக்கே வந்தான். காலில் என் செருப்பு. கவரிலிருந்து எடுத்துப் போட வைக்க இரண்டு விரல்கள் போக வேண்டியிருந்தது. அவனைக் கண்டதும் பாக்கியலட்சுமி மீன் வெட்டும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். காலைப் பார்த்தாள். கண் கலங்கியது, அடுத்த நொடி வாய் திறந்தது.

"பாவி! கொழந்தையப் பாத்துக்கற மாரி அந்த மருந்தப் பாத்துக்கினேன். வாயக் கட்டாம வெரல வுட்டுட்டு வந்து நிக்கிறியே! அன்னிக்கி நர்சம்மா கத்தனது தெருமுன வரைக்கும் கேட்டுச்சே, எவன்டா ஒனக்குப் பன்னு குடுத்தது?"

"ஆசதான்க்கா" என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டு.

"நீயா வாங்கித் தின்ற ஆளா நீ? அந்த டீக்கடைக்காரன்தான் குடுத்துருப்பான். அன்னிக்கே மருந்த வைக்க மாட்டேன்னவனாச்சே. இரு, கேக்கறேன் அவன!"

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். எதிரே ராஜ்கமல் ஒன்றும் அறியாமல் டீ ஆற்றிக்கொண்டிருந்தான். கண்ணையன் என்னைப் பார்த்தான். ஜீனத் என்னைப் பார்த்தாள். முப்பது வருட உத்தியோகத்தில் ஒரு பொய் சொல்லாதவள், அவள் வாய் திறக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

"நில்லும்மா" என்றேன். "நான்தான் குடுத்தேன். காரைக்கால் போறப்ப, பாவமேன்னு ஒரு கவர் நெறைய பன்னு வாங்கிக் குடுத்துட்டுப் போனேன்."

அவள் திரும்பினாள். "நர்சு புருசன்தான நீ? அறிவு கீதா பாய் ஒனக்கு?" அதற்கு மேல் அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. டீக்கடையிலிருந்தவர்கள் எல்லோரும் கிளாஸும் கையுமாக வெளியே வந்து கேட்டார்கள்.

அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது ஜீனத் கூடையிலிருந்து புது மருந்தை எடுத்தாள். "பாக்கியம், இப்ப வந்திருக்கறது வேற மாதிரி மருந்து. இத ஐஸுக்குள்ள பொதைக்கக் கூடாது. துணியில சுத்தி, ஐஸ் படாம மூடிக்குக் கீழ வச்சா போதும்" என்றாள், கண்ணைச் சிமிட்டாமல். அதே மருந்து, அதே கம்பெனி.

"குடு, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொண்டாள் பாக்கியலட்சுமி. "ஆனா இந்தாளக் கொஞ்சம் தூரமாவே நிக்கச் சொல்லு."

இப்போதும் தினம் அங்கே போகிறோம். கண்ணையனின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நான் மட்டும் வண்டியைத் தெருவின் இந்தக் கோடியிலேயே நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஊசி போட்டுக்கொண்டதும் அவன் அங்கிருந்தே கையைத் தூக்கி, "வா வா வா, வரலாம் பாய்!" என்கிறான்.