முந்தானையில் பட்ட பந்து

தோழிகளே, இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பிள்ளை இப்போதுதான் கண் அசந்தான்... கோமதி அக்கா இன்று சாயங்காலம் செத்துப்போனார்கள். மாரடைப்பு.

எனக்கு டென்னிஸ் கற்றுக்கொடுத்த அதே கோமதி அக்காதான். என் வீட்டுக்காரருடைய ஆபீஸ் பெரிய இன்ஜினியரின் மனைவி. ஒருத்தி படித்துவிட்டு அடுத்தவளுக்கு இதை அனுப்புங்கள்.

நாலு மாதத்துக்கு முன் கிளப்பில் நாலு பேர் ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைந்தது. அக்கா என் வீட்டு வாசலுக்கே வந்து சொன்னார்கள். "மலைக் கேம்புக்கு உன் புருஷன் பேருதான் அடிபடுது. மதுரையிலயே இருக்கணும்னா சாயங்காலம் ஆட வா."

கேம்ப் கம்பம் ஊருக்கு மேலே. மலைக்காய்ச்சல் காடு. என் கையில் மூன்று மாதப் பிள்ளை... போனேன்.

"அது ராக்கெட்டுடி, கரண்டியில்ல. கொழம்பா கிண்டுற?" மற்ற இரண்டு அம்மாள்களும் சிரித்தார்கள்.

ஸர்வீஸுக்கு மேலே போட்ட பந்து என் தலைக்குப் பின்னால் போய் விழும். "பி.ஏ. படிச்சவளாம்! பந்தைப் பாக்காம எம் மூஞ்சியில என்னத்தப் பாக்குற?" பயந்துபோய்த்தான் பார்த்தேன்.

வேலி ஓரம் ஆயா கையில் பிள்ளை வீறிடுவான். என் ரவிக்கை நனைந்துவிடும். "பந்தாட வந்தியா, பால் வடிக்க வந்தியா? கேம் முடியட்டும்." முடிவதற்குள் அவன் அழுது அழுது ஓய்ந்திருப்பான்.

ஒரு நாள் அவர்கள் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே போனது. நான் ஒதுங்கினேன். முந்தானை ஒதுங்கவில்லை.

"பாயிண்ட் எனக்கு. துணியில பட்டாலும் பட்டதுதாண்டி, அதான் ரூல்."

அன்றிலிருந்து என் முந்தானைக்கே குறி பார்த்து அடித்தார்கள். இழுத்துச் செருகக் கற்றுக்கொண்டேன். பந்தைப் பார்க்கவும்தான்.

போன திங்கட்கிழமை நான் அடித்தது வெளியே போகிற வழியில் அவர்களுடைய பட்டு முந்தானையை உரசிக்கொண்டு போனது.

"அவுட்டு," என்றார்கள்.

"உங்க முந்தானையில பட்டுச்சுக்கா."

வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அக்கா ராக்கெட்டை, அது வளையாமலிருக்கப் பூட்டும் மரச்சட்டத்தில் வைத்து, திருகுகளை ஒவ்வொன்றாக நிதானமாக முடுக்கினார்கள். "நல்லாத்தான் கத்துக்கிட்ட. இனி மலையில போயி ஆடு."

மறுநாளே மாற்றல் உத்தரவு வந்துவிட்டது.

"அந்த ஒத்தைப் பாயிண்ட வச்சு என்னத்தக் கட்டப் போற? கால்ல விழுந்தாவது கேட்டுட்டு வா," என்றார் இவர். இன்று சாயங்காலம் தட்டில் பழமும் பூவும் வைத்து, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனேன்.

அக்கா வீட்டுக் கேட்டருகிலேயே ஒப்பாரி கேட்டது. தட்டோடு நிற்கிறேன்... உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. அங்கே நின்ற ஆபீஸ் கிளார்க் என் தட்டைப் பார்த்தார். "இன்னைக்கு அய்யாகிட்ட உத்தரவைப் பத்தி யாரும்மா கேக்குறது? கொண்டுக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

வந்துவிட்டேன். பழம் கூடத்தில் இருக்கிறது. இவர் தொடவில்லை. அடுத்த வாரம் கிளம்ப வேண்டும்.

போய் வாருங்கள், அக்கா. அந்தப் பந்து உங்கள் முந்தானையில் பட்டதுதான்.

தோழிகளே, உங்களில் யாருக்காவது கம்பத்துப் பக்கம் மனிதர்கள் உண்டா? ஏழு மாதப் பிள்ளையை வைத்துக்கொண்டு அங்கே இருக்க முடியுமா? மலைக்காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கிடைக்குமா? தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.