அம்முவுக்கு ஆகும் செலவு

மாரிசெல்வி தாராவியில் ஒரு தையல் பட்டறையில் மிஷின் மிதிப்பவள். விவாகரத்து ஆனபின் மகள் அம்மு அவளிடம்தான் இருந்தாள். ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டபோது, அவளுக்காக வாதாட வந்த இலவச சட்ட உதவி வக்கீல் மாலதி ஒரு படிவம் கொடுத்தாள். வருமானம், சொத்து, பிள்ளையின் செலவு எல்லாவற்றையும் அவளும் முன்னாள் கணவன் ராஜபாண்டியும் சத்தியம் செய்து எழுத வேண்டும்.

"ஏட்டி, சம்பாத்தியமே இல்லன்னு எழுதிரு. அப்பத்தான் நெறயக் கெடைக்கும்" என்றாள் பக்கத்து வீட்டு விஜயராணி.

"வேண்டாங்க்கா. ஒண்ணு பொய்யின்னு தெரிஞ்சா மத்தது எதையும் நம்ப மாட்டாவ."

மாதம் பதினாலாயிரம் என்று உள்ளதையே எழுதினாள். அதைக் காட்டி அப்பன் ஒதுங்கிவிட முடியாது என்று மாலதி தைரியம் சொன்னாள். பிறகு அம்முவின் செலவுகள்: பள்ளிக்கூட ஃபீஸ், டியூஷன், பஸ் பாஸ், சாப்பாட்டில் அவள் பங்கு, மூக்குக்கண்ணாடி. மொத்தம் பத்தாயிரத்து ஐந்நூறு.

தோல் பைகள் செய்யும் பட்டறை வைத்திருக்கும் ராஜபாண்டி, தன் வருமானம் பன்னிரண்டாயிரம் என்று எழுதியிருந்தான்.

நீதிபதி அம்மா படித்துவிட்டு நிமிர்ந்தார். "வாடகை ஒன்பதாயிரம், பைக் லோன் ஐயாயிரம். பிறகு எதைச் சாப்பிடுகிறீர்கள்?" என்று இந்தியில் கேட்டார்.

மாரிசெல்வியின் பட்டியல் ராஜபாண்டி கையில் இருந்தது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். கடைசியில், "இருபத்தெட்டு வரும், மேடம்" என்றான்.

அவனுக்கு அவளைப்போல் இரண்டு மடங்கு வருமானம். அதனால் செலவில் மூன்றில் இரண்டு பங்கு அவனுடையது என்று தீர்ப்பாயிற்று. மாதம் ஏழாயிரம், மனுப் போட்ட தேதியிலிருந்து.

வராந்தாவில் அவன் அருகே வந்தான்.

"புள்ள கண்ணாடியா போட்டிருக்கு? எப்பயிருந்து?"

"போன வருசத்துலருந்து."

"எனக்குச் சொல்லவே இல்லியே."

"நீங்க கேக்கவே இல்லியே."

அவன் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினான்.

இரண்டு மாதம் பணம் ஒழுங்காக வந்தது. மூன்றாவது மாதம் வரவில்லை. மாரிசெல்வி சண்டைக்குப் போகவில்லை, மாலதியிடம் போனாள். பாக்கியைக் கேட்கும் மனு தயாராவதற்குள் பணம் வந்துவிட்டது. கூடவே ஒரு போனும்: "ஞாயித்துக்கெழம புள்ளயப் பாக்க வரலாமா?"

அவள் அம்முவைக் கூப்பிட்டு போனை நீட்டினாள்.

"அப்பா. நீயே பேசு."