துரை சமாதியில் சுண்ணாம்பு சுரண்டினோம்

இருந்தவர்கள்: என் அத்தை கன்னியம்மா, அத்தையின் சம்பந்தியம்மா ராஜாத்தி, கையில் குவார்ட்டர் பிராந்தியோடு என் சித்தப்பா, இங்கிலாந்திலிருந்து வந்திருந்த மார்ட்டின், எல்லோருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளனாக நான். வராதவர் ஒருவர்தான் — துரை. அவரைப் பார்க்கத்தான் எல்லோரும் போயிருந்தோம்.

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தைத் தாண்டி, ஒரு கம்பெனியின் காம்பவுண்டு சுவருக்கும் முள்புதருக்கும் நடுவே இருக்கிறது எங்கள் குடும்பத்தின் துரை சமாதி. ஒவ்வொரு ஆடி மாதமும் முள்ளை வெட்டி, சமாதிக்குச் சுண்ணாம்பு அடித்து, மஞ்சள் தடவி, வறுத்த மீன் வைத்துப் படைப்போம். கூடவே பிராந்தி. ஒரு சுருட்டைப் பற்றவைத்து மேடையின் ஓரத்தில் செருகிவிடுவோம். சுருட்டு அணையாமல் கடைசிவரை புகைந்தால் துரைக்குத் திருப்தி. மிச்ச பிராந்தி சித்தப்பாவுக்கு. அவருக்கும் திருப்தி.

ஏன் துரையைக் கும்பிடுகிறோம்? அத்தையின் கொள்ளுப்பாட்டி, உப்பளத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் வேலை பார்த்தாள். துரை அவளுக்குத் தாலி கட்டினார். இங்கேயே காய்ச்சலில் செத்தார். எங்கள் ஆட்களே தூக்கிப் புதைத்தார்கள். அவர் விட்டுப்போன சொத்து ஒன்றே ஒன்று — பூனைக்கண்.

அந்தக் கண் அத்தைக்கு இருக்கிறது. அத்தையின் மகள் தேவிக்கு இல்லை. தேவிக்குப் பிறந்த பெண் குழந்தைக்கு மறுபடியும் வந்துவிட்டது... பிரச்சினையும் அங்கேதான் வந்தது.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வரும் பெண்ணை, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ மாமியார் வீட்டார் சீர் தட்டோடு வந்து அழைத்துப் போவார்கள். தேவியை அழைக்க யாரும் வரவில்லை. குழந்தை தவழ ஆரம்பித்த பிறகும் வரவில்லை. காசிமேட்டு மீன் ஏலத்தில் அத்தை குரல் கொடுத்தால் வியாபாரிகள் ஒதுங்கி நிற்பார்கள். அப்படிப்பட்ட அத்தை சம்பந்தியம்மா வீட்டு வாசலில் போய் நின்று, என் கண்தானே குழந்தைக்கு வந்திருக்கிறது, இதில் என் மகள் மேல் என்ன குறை என்று கேட்டார்.

"ஒன் கண்ணுதான் வந்துகீதுன்னு எனுக்குத் தெரியாதா? ஒன் கண்ணு எங்கேர்ந்து வந்துச்சின்னுதான் கேக்குறேன்" என்றார் ராஜாத்தி.

அத்தையிடம் இருந்த ஒரே பதில் அந்தச் சமாதிதான். அனுபவிச்சிட்டுக் கப்பலேறிப் போனவன் வேற. இங்கியே செத்து இங்கியே படுத்துகினு கீறவன் புருசன் — இதுதான் அத்தையின் வாதம். குப்பத்தில் யாரும் இதை மறுத்ததில்லை. ஆனால் சம்பந்தியம்மாவுக்கு ஆதாரம் வேண்டுமாம்.

அப்போதுதான் நான் உள்ளே நுழைந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். ரேஷன் கார்டு முதல் ரயில் டிக்கெட் வரை எல்லாம் என் தலையில்தான் விழும். பூர்வீகம் தேடும் வெளிநாட்டுக்காரர்களின் இணையக் குழு ஒன்றில் சமாதியின் படத்தைப் போட்டு, கதையையும் எழுதினேன். மார்ட்டின் பதில் போட்டார். அவருடைய கொள்ளுத்தாத்தா எண்ணூரில் உப்பு அதிகாரியாக இருந்தவராம். சென்னையில் இறந்ததாக வீட்டில் சொல்வார்களாம். கல்லறை எங்கே என்று யாருக்கும் தெரியாதாம்.

இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? சொல்லுங்கள்.

மார்ட்டின் நல்ல மனிதர். வெயிலில் சிவந்துபோய், கொடுத்த மோரை மறுக்காமல் குடித்தார். சமாதியைப் பார்த்தபோது மட்டும் நெற்றியைச் சுருக்கினார். ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது?

நான் சிரித்துக்கொண்டே விளக்கினேன். எங்கள் பக்கம் பெரிய ஆட்களைப் படுக்கவைத்துப் புதைப்பதில்லை, உட்காரவைத்துத்தான் புதைப்போம். துரையை நாற்காலியோடு இறக்கியதாகச் சொல்வார்கள் என்று. மார்ட்டின் தலையாட்டினார். ராஜாத்திகூடத் தலையாட்டினார். நாலு தலைமுறையாக எங்களில் ஒருத்தருக்கும் வேறு காரணம் தோன்றியதே இல்லை.

கல்லில் எழுத்து ஏதாவது இருக்குமா என்று மார்ட்டின் கேட்டார். இருந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆடிக்கு ஆடி அடித்த சுண்ணாம்பு, விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. சித்தப்பா மீன் செதில் தேய்க்கும் கத்தியால் மெதுவாகச் சுரண்டினார். பிளாஸ்டர் மாதிரி பெயர்ந்து வந்தது. தண்ணீர் ஊற்றித் தேய்த்தோம். ஒவ்வொரு எழுத்தாக மேலே வந்தது.

முதல் எழுத்துகளைப் படித்ததுமே நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். மார்ட்டின் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"இன்னா போட்டுகீது?" என்றார் அத்தை.

நான் கல்லில் மிச்சமிருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினேன்.

"படிக்கத்தான நைனா ஒன்ன இட்டுகினு வந்தோம். சொல்லு."

சொன்னேன். எமிலி. மூன்று வயது முடியாத குழந்தை. அப்பா பெயர்... மார்ட்டினின் கொள்ளுத்தாத்தா பெயர்தான். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"அம்மா பேரு போடலியா?" ராஜாத்தி கேட்டார்.

போட்டிருந்தது. அவருடைய மனைவி மேரி என்று, தெளிவாக. மார்ட்டின் பக்கத்தில் நிற்கும்போது மாற்றிப் படிக்கவும் முடியாது... தமிழில் மாற்றிச் சொல்லியிருக்கலாம்தான். அது எனக்கு அன்று ராத்திரிதான் உறைத்தது. அந்த நேரத்தில் வாத்தியார் கேட்ட மாதிரி அப்படியே ஒப்பித்துவிட்டேன்.

சித்தப்பா வழக்கம்போல முன்கூட்டியே சுருட்டைப் பற்றவைத்திருந்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார், பெரியவர் எதிரே பீடியை மறைக்கும் பையன் மாதிரி.

அத்தை முதலில் துரையைப் பற்றிக் கேட்கவில்லை. கல்லைத் தடவினார்.

"பச்சக் கொயந்த மூஞ்சிலயாடா இத்தினி வருசமா சுருட்டுப் பொகய வுட்டுகினு இருந்தோம்?"

அதன் பிறகுதான், அப்போ துரை எங்கே என்று மார்ட்டினைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். மேரி தன் கொள்ளுப்பாட்டிதான், ஆனால் இப்படி ஒரு குழந்தை இருந்ததே தங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது என்றார் மார்ட்டின். சென்னையில் இறந்தார் என்பது வீட்டுப் பேச்சுதான், குழந்தையைப் புதைத்த பிறகு மனைவியோடு கப்பல் ஏறியிருக்கலாம் என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

கப்பல் என்ற வார்த்தையை நான் மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கவில்லை. ஷிப் என்றால் துறைமுகத்துக்காரர்களுக்குத் தெரியாதா?

ராஜாத்தி குத்திப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை. முந்தானையை உதறிக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாய்டுச்சி" என்றார். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

யோசித்துப் பாருங்கள். பூர்வீகம் தேடிப் போகிற யாராவது மூட்டை தூக்கியவனைத் தேடிப் போகிறோமா? எல்லோருக்கும் ஒரு தொப்பிக்காரர் வேண்டும், ஒரு ஜமீன் வேண்டும். செத்தவர்களுக்கு நமக்குத் தேவையான வேலையைக் கொடுத்துவிடுகிறோம். அந்தக் குழந்தைக்கு நாங்கள் கொடுத்தது புருஷன் வேலை. பெற்றவர்கள் விட்டுப்போன பிறகும் அது நாலு தலைமுறைக்கு எங்கள் மானத்தைக் கட்டிக் காத்திருக்கிறது... சுருட்டுப் புகையில்.

ஊருக்குப் போனதும் மார்ட்டின் மெயில் அனுப்பினார். எச்சிலை வைத்துச் சொந்தம் கண்டுபிடிக்கும் பரிசோதனை இருக்கிறது, அத்தைக்கு விருப்பமென்றால் தன் செலவிலேயே ஏற்பாடு செய்கிறேன் என்று. அத்தையிடம் சொன்னேன்.

"சொந்தம்னு வந்தா மட்டும் தாலி கட்னான்னு எச்சில் சொல்லுமா நைனா?" என்றார்.

நான் படித்த படிப்பில் அது இல்லை.

தேவி இன்னும் அத்தை வீட்டில்தான் இருக்கிறாள். குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. யார் கதவைத் தட்டினாலும் அந்தக் கண்ணால் திரும்பிப் பார்க்கிறது. சீர் தட்டு வரவில்லை.

போன அமாவாசைக்கு அத்தை என்னை மட்டும் அழைத்துக்கொண்டு சமாதிக்குப் போனார். சுண்ணாம்பு அடிக்கவில்லை. கல்லை ஈரத்துணியால் துடைத்து, சின்ன டம்ளரில் பால் ஊற்றி, பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து வைத்தார். பிள்ளை கையால் பிரிக்க வராது என்றார். திரும்பும்போது, சுருட்டும் பிராந்தியும் இல்லாமல் பாலுக்கும் பிஸ்கட்டுக்கும் என்ன செலவாச்சு என்று கேட்டார். சொன்னேன்.

முப்பத்திரண்டு ரூபாய்.