என் முகம் காணாமற்போன பாடம்

சபையாரே, என் முகத்தையே எடுத்துவிட்டார்கள். அங்கிருந்துதான் இந்தச் சாட்சி ஆரம்பிக்கிறது.

நான் பல்கலைக்கழக விரிவுரையாளர். இருப்பது இதே பலாங்கொடைத் தேயிலைத் தோட்டத்தில்தான். அம்மாமார் வேலைக்குப் போன பிறகு பிள்ளை மடுவங்களில் குழந்தை பார்க்கும் பெண்கள் போனிலேயே படிக்க, நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ஒன்லைன் பாடநெறி தயாரித்தோம். தமிழில் நடக்கும் பாடங்கள் என் பொறுப்பு, சிங்களத்தில் நடப்பவை மற்றவர்களுடையவை. எல்லாருடைய பாடத்தையும் கடைசியில் இணையத்தில் ஏற்றுகிறவர் பிரசன்ன சேர். சிங்களவர். வாய் திறக்கமாட்டார். பேசாத ஆளை நான் நம்புவதேயில்லை. "நீ பாலையும் மோந்து பாத்துத்தான் குடிப்ப" என்பார் என் வீட்டுக்காரர் செல்வம்.

போன ஐப்பசி மழையில் ஒருநாள் பாடநெறிப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். சிங்களப் பாடங்களில் அவரவர் முகம் சிரிக்கிறது. என் பாடங்களில் வீடியோ இல்லை. வெறும் குரலும் சில படங்களும்தான். திருத்தப் போனால் பக்கம் பூட்டிக் கிடக்கிறது.

ஆத்திரம் பற்றி எரிந்தது. தோட்டத்துக்காரி மூஞ்சி இவர்களுக்கு ஆகவில்லை. இன்றைக்கு முகம், நாளைக்குக் குரல், அப்புறம் தமிழே இருக்காது என்று நினைத்தேன். மறுநாள் கன்டீனில் பிரசன்ன சேர் எனக்குப் பிளேன்டீ வாங்கித் தந்தார். அன்றைக்கு மட்டும் என்ன கரிசனை? குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை விலகிவிடுவது என்று முடிவெடுத்தேன். நான் போனால் மிச்சத் தமிழ்ப் பாடங்களை எழுத ஆளில்லை. பதிந்த பெண்கள் நடுவழியில் நிற்பார்கள். அது தெரிந்தும் மனம் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை உபவாசமிருந்து முழங்காலில் அழுதேன். "ஆண்டவரே, அந்த ஆளோட கள்ளத்தனத்த வெளிச்சத்துக்குக் கொண்டு வாங்க." அதுதான் என் ஜெபம்.

சனிக்கிழமை பகல் பிள்ளை மடுவத்தைத் தாண்டிப் போனேன். உள்ளே பிரசன்ன சேர்! மழையில் நனைந்து, கால்சட்டையைச் சுருட்டி, அட்டை கடித்த ரத்தத்தோடு, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உளவு பார்க்கவே வந்துவிட்டாரா?

"இங்க என்ன செய்றீங்க சேர்?" என்று சிங்களத்தில் வெடித்தேன்.

"தோட்டத்துல சிக்னல் பத்தாம வீடியோ நிக்குது மிஸ். குரல் ஓடுதான்னு பாக்க வந்தேன். சிங்களப் பாடம் படிக்கிறவங்க டவுன் பக்கம், அங்க வீடியோ ஓடுது, அதனால அத மாத்தல. வேலை முடியிற வரைக்கும் பக்கத்தப் பூட்டிருக்கேன். வீடியோவ எடுக்கவான்னு கூட்டத்துல கேட்டேனே, நீங்கதான் 'ஹரி சேர்'னு சொன்னீங்க."

ஐயோ! அந்த ஸூம் கூட்டத்தில் மழையில் சிக்னல் போய்விட்டது. திரும்ப வந்தபோது எல்லாரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் துரை சொன்னது காதில் விழுந்தாலும் விழாவிட்டாலும் "சரிங்க ஐயா" சொல்லிப் பழகிய பரம்பரை அல்லவா? என்ன கேள்வி என்று கேட்காமலே நானும் அதையே சிங்களத்தில் "ஹரி சேர்" என்றிருக்கிறேன்.

இருந்தாலும் நான் விடவில்லை. அங்கே வேலை செய்யும் மேரியைப் பார்த்தேன். எங்கள் மாணவி அவள். ஒரு கையால் ஏணையை ஆட்டிக்கொண்டிருந்தாள். "இவர் சொல்றது மெய்தானா?"

"மெய்தான் டீச்சர். வீடியோன்னா கையில வச்சுப் பாக்கணும், அதுவும் சுத்திக்கிட்டே நிக்கும். இப்ப புள்ளய ஆட்டிக்கிட்டே கேக்குறேன். பாதிப் பாடம் முடிச்சிட்டேன். உங்க குரலக் கேட்டா புள்ளையும் தூங்கிருது."

பிரசன்ன சேர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெளிச்சம் கேட்டேன், ஆண்டவர் மறுநாளே தந்தார். அதில் கள்ளனைத் தேடினேன். நனைந்துபோய் நின்ற ஒரு நல்ல மனிதரைத்தான் கண்டேன்.

நான் விலகவில்லை. கூட்டத்தில் இப்போது, "கேக்கல சேர், திரும்பச் சொல்லுங்க" என்று கேட்கிறேன். சந்தேகம் முழுசாகப் போய்விட்டது என்று இந்தப் பீடத்தில் நின்று பொய் சொல்லமாட்டேன். வந்தால் முதலில் முழங்காலுக்குப் போகிறேன், பிறகு அந்த ஆளிடமே போய்க் கேட்கிறேன். உங்கள் மனதிலும் யார் மேலாவது இப்படி ஒரு நெருப்பு இருந்தால், ஆண்டவரிடம் கொட்டுங்கள். அவர் காட்டுவதைப் பார்க்கப் பயப்படாதீர்கள்.

மிச்சப் பாடங்களை அந்தப் பிள்ளை மடுவத்தில் உட்கார்ந்துதான் பதிவு செய்தேன். நடுவில் ஒரு குழந்தை அழும், மேரி "ஆராரோ" சொல்வாள். அதை வெட்டவா என்று பிரசன்ன சேர் கேட்டார். வேண்டாம் என்றேன். இந்த முறை கேள்வி நன்றாகவே கேட்டது.