இருபத்துமூன்றாவது வாசல்

அந்த ஆரஞ்சு நிறக் கோட்டை இன்னும் தூக்கி எறியவில்லை. பீரோவில் மடித்து வைத்திருக்கிறேன். புடவை எடுக்கும்போது கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க யாரிடமும் நல்லபடியாகப் பேச முடியாது. முதுகில் தெலுங்கில் 'வாலண்டியர்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். நெஞ்சில் ஒரு பக்கம் போலீஸ் முத்திரை, இன்னொரு பக்கம் தீயணைப்பு முத்திரை. போட்டுக்கொண்டால் பெரிய ஆள் ஆகிவிட்ட நினைப்பு வரும். எனக்கும் வந்தது.

எங்கள் ஊர் நகரிக்குப் பக்கம். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். புகார் கொடுக்கப் போகிறவர்கள் ஸ்டேஷனுக்கு முன்னால் என் கடைக்குத்தான் வருவார்கள். தமிழில் அழுவதைத் தெலுங்கில் எழுதிக் கொடுப்பேன். அந்தப் பழக்கத்தில் எஸ்.ஐ. ஒருநாள், போலீசும் தீயணைப்பும் சேர்ந்து ஊர்க்காரர்களுக்குப் பயிற்சி தரப்போவதாகவும் பெண்கள் பெயர் குறைவாக இருப்பதாகவும் சொன்னார். என் பெயரைக் கொடுத்தேன். திருப்பதியில் ஐந்து நாள் பயிற்சி. சிலிண்டர் பற்றினால் ஈரச் சாக்கை எப்படிப் போடுவது, மயங்கி விழுந்தவரை இரண்டு பேர் எப்படித் தூக்குவது, கூட்டத்தை எப்படி விலக்குவது எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். ஊருக்குத் திரும்பும்போது எந்த நெருப்பையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்றுதான் பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் நாங்கள் செய்த சேவை, கூட்டத்தை மறிக்கக் கயிறு பிடித்தது. காணிப்பாக்கம் திருவிழாவில் கயிறு. பெரிய மனிதர்கள் கார் வந்தால் கயிறு. காலையில் கொண்டுபோய் வெயிலில் நிறுத்துவார்கள். பெண்கள் ஒதுங்குவதற்கு இடம் எங்கே என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கார் போனதும் போட்டோ எடுப்பார்கள், தண்ணீர் பாட்டில் கொடுப்பார்கள், அனுப்பிவிடுவார்கள். இதற்கா ஐந்து நாள் திருப்பதியில் உட்கார்ந்தோம் என்று வயிறு எரியும்.

உண்மையான வேலை ஒன்றைக் கொடுத்தவர் தீயணைப்பு நிலைய அதிகாரி ஒருவர்தான். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் எங்கள் சந்துக்கே வந்து கடைசிவரை நடந்தார். எங்கள் சந்து முட்டுச்சந்து. அதன் கோடியில் ஓர் அக்காவின் வீடும், வீட்டை ஒட்டி நாலு விசைத்தறி ஓடுகிற கொட்டகையும் இருக்கின்றன. புருஷன் போன பிறகு மகன், மருமகள், அவள் என்று மூன்று பேரும் மாற்றி மாற்றி ஓட்டிப் பிழைக்கிற தறி. கொட்டகைக்குள் அதிகாரி ஒரு குச்சியை எடுத்துக் கரண்டு ஒயரைத் தட்டினார். பஞ்சுத் தூசி கொத்துக் கொத்தாக விழுந்தது.

"இங்க பத்திக்கினா நிமிஷத்துல எல்லாம் போயிடும்மா. எங்க வண்டி உள்ள வரணும். வருமா, நீயே பாரு," என்று ஒரு டேப்பை என் கையில் கொடுத்தார்.

வராது. சந்தில் இருபத்துமூன்று வீடுகள். எல்லோரும் காவாயை மூடி, அதன்மேல் படி கட்டி, படிக்கு முன்னால் வண்டி ஏற்றச் சிமெண்டுச் சரிவு போட்டு, தெருவை இரண்டு பக்கமும் தின்றுவைத்திருந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் எவ்வளவு இடிக்க வேண்டும் என்று அளந்து சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டேன். போட்ட அன்றே பேச்சு ஆரம்பித்துவிட்டது. கோட்டு போட்டதும் கொழுப்பு ஏறிவிட்டது என்றார்கள். எங்கள் வீட்டில் தீப்பிடித்தால் நாங்கள் அணைத்துக்கொள்கிறோம் என்றார்கள். பக்கத்துச் சந்தில் போய் அளக்கச் சொன்னார்கள். இவர்களுக்கு மழை பெய்து காவாய் அடைத்தால் அரசாங்கம் வர வேண்டும், தீப்பிடித்தால் அரசாங்கம் வர வேண்டும், ஆனால் அரசாங்கம் வருகிற வண்டிக்கு மட்டும் இடம் விட முடியாது.

யாராவது ஒருவர் முதலில் இடித்தால் மற்றவர்களைப் பிடித்துவிடலாம் என்று தோன்றியது. கோடி வீட்டு அக்காவிடம் போனேன். அவள் வாசல் படிதான் சந்திலேயே பெரியது. தீயணைப்பு வண்டியைத் திருப்புவதற்கும் அங்கேதான் இடம் வேண்டும். அவள் தயங்கினாள்.

"நீ சொல்றது நாயந்தான்மே. ஆனா மருமவளுக்கு ஆறு மாசம் ஆவுது. புள்ளத்தாச்சி இருக்கிற வூட்ல கடப்பாரை போடக் கூடாதும்பாங்க."

கர்ப்பிணி இருக்கிற வீட்டில் எதையும் இடிக்கக் கூடாது, தோண்டக் கூடாது, இருக்கிற வழியை அடைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் தமிழ் வீடானாலும் தெலுங்கு வீடானாலும் இதில் மாற்றுப் பேச்சு கிடையாது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"யக்கா, கொழந்த வயித்துலதான் இருக்குது, வாசப்படியில இல்ல. நாளைக்கி நெருப்பு வந்தா அது மாசம் பாத்துக்கினு வருமா?"

அவள் சரி என்றாள். இடித்த அன்று அவள் மருமகளை என் வீட்டுக்கு அழைத்து வந்து உட்கார வைத்தேன். ஹார்லிக்ஸ் கலந்து கொடுத்து, டிவியைச் சத்தமாக வைத்தேன். "தறி ஓடற சத்தத்துல கடப்பாரை எங்க கேக்கப் போவுது, நீ பயப்படாதமே," என்று அக்கா மருமகளிடம் சொல்லிவிட்டுப் போனாள். தறியை நிறுத்தாமலே படியை இடித்தாள். அந்தப் பெண் வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு என் வீட்டு நாற்காலியில் மதியம்வரை உட்கார்ந்திருந்தாள்.

அதை வைத்துத்தான் மற்ற வீடுகளைப் பிடித்தேன். அவளே இடித்துவிட்டாள், உங்களுக்கு என்ன கேடு என்று வாசல் வாசலாக நின்றேன். மூன்று மாதம் ஆயிற்று. ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே இடித்தார். ஒருவர் இடித்த இடத்தில் மறுநாளே பூந்தொட்டி அடுக்கினார். எப்படியோ இருபத்திரண்டு வாசல் முடிந்தது. மீதி என் வீடு. கோடியிலிருந்து நாலாவது வீடு அது. எதிரில் கரண்டுக் கம்பம். கம்பத்தை நகர்த்த முடியாது என்பதால் என் வீட்டுச் சரிவு போனால்தான் வண்டி அங்கே நுழையும். இது எனக்குத் தெரியும். அளந்தவள் நான்.

முதலில் இடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள். என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஆட்டோவைத் தெருவில் விட்டால் கண்ணாடியை உடைத்துவிடுவார்கள் என்று கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டுச் சரிவு அமைத்தவர். "எல்லாரும் இடிச்சா நாமும் இடிச்சுக்கலாம்," என்றார். எல்லோரும் இடித்து முடிக்கும் நேரத்தில் என் மகள் மூன்று மாதக் கர்ப்பத்தோடு வந்து சேர்ந்தாள். இதற்கு முன்னால் ஒன்று தங்கவில்லை. டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லியிருந்தார். கார்வேட்டிநகரத்திலிருந்து சம்பந்தியம்மா போன் செய்தார்.

"ஏதோ இடிக்கப் போறீங்களாமே. புள்ளத்தாச்சி இருக்குது, தாயே. இப்போ வேணாம்."

அக்காவிடம் சொன்ன பதில் என் வாயில் தயாராக இருந்தது. சொல்லவில்லை. சரிங்க சம்பந்தியம்மா என்று போனை வைத்தேன். யாரும் என் வாயைப் பொத்தவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான். அக்காவின் மருமகளுக்கும் அதே பயம் இருந்திருக்கும் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை. ஏறியிருந்தாலும் இறக்கி வைத்திருப்பேன். சந்துக்காரர்கள் கேட்டால், குழந்தை பிறந்ததும் முதல் வேலை அதுதான் என்றேன். அவர்களும் தலையாட்டினார்கள். அதுதான் இன்னும் எரிகிறது. ஒருவராவது என் கோட்டைப் பிடித்து இழுத்து, எங்களிடம் என்ன பேச்சு பேசினாய் என்று கேட்டிருக்கலாம்.

நாலு மாதம் கழித்து ஒரு காலை, போன கரண்டு திரும்பி வந்ததும் கொட்டகையில் பொறி பறந்தது. பஞ்சு பற்றிக்கொண்டது. அக்காவின் மருமகள் கைக்குழந்தையோடு கத்திக்கொண்டு ஓடி வந்தாள். நான் நிலையத்துக்குப் போன் போட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, மகளைச் சந்து முனைக்கு அனுப்பிவிட்டு, ஜனங்களை ஓரமாக நிறுத்தினேன். மெயினை அணைக்கச் சொன்னேன். கற்றுக்கொடுத்ததில் ஒன்றையும் விடவில்லை. வண்டியும் சீக்கிரமே வந்தது. வாசல் வாசலாகத் தாண்டிச் சரசரவென்று உள்ளே வந்தது. அந்தப் பூந்தொட்டிகளை நொறுக்கிக்கொண்டு வந்தது, அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட.

என் வீட்டு வாசலில் நின்றது.

டிரைவர் பின்னால் எடுத்தார், முன்னால் விட்டார், கம்பத்துப் பக்கம் ஒடித்தார். முடியவில்லை. இரண்டு பேர் கடப்பாரையோடு இறங்கிச் சரிவைக் குத்தினார்கள். கம்பி கட்டிய கான்கிரீட், சில்லுச் சில்லாகத் தெறித்ததே தவிர அசையவில்லை. குழாயைத் துண்டு துண்டாக இணைத்து இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அதற்குள் கொட்டகையின் கூரை ஷீட்டுகள் படார் படார் என்று வெடித்துக் கீழே விழுந்தன. வீட்டைக் காப்பாற்றினார்கள். நாலு தறியும், அன்று காலை தறியில் ஏற்றிய பாவு நூலும் போய்விட்டன. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டே என் வாசலுக்கு வந்தார். சிவப்புக் கோடு அப்படியே இருந்தது.

"இது எவரி இல்லு?" என்றார். யார் வீடு என்று கேட்கிறார்.

"மா இல்லே, சார்," என்றேன். எங்கள் வீடுதான்.

நான் போட்டிருந்த ஆரஞ்சுக் கோட்டைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். குழாயைச் சுருட்டச் சொல்லிவிட்டு அவர் வண்டியில் ஏறிக்கொண்டார்.

மறுநாள் பெரிய மனிதர் ஒருவர் பார்வையிட வந்தார். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது, கயிறு பிடிக்க வாலண்டியர்கள் வேண்டுமாம். போனேன். அவர் பேசுவதற்கு உயரமான இடம் தேடினார்கள். சந்தில் அப்படி ஓர் இடம்தான் இருந்தது. என் வீட்டுச் சரிவின்மேல் ஏறி நின்று, மக்கள் விழிப்போடு இருக்க வேண்டும் என்று மைக்கில் பேசினார். கை தட்டினார்கள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு ஆத்திரம் எனக்கு வந்ததில்லை. ஆனால் அந்த ஆளை அங்கிருந்து இறங்கச் சொல்ல நான் யார்?

சாயங்காலம் கருகிய வாடையோடு அக்கா வந்தாள். நான் எழுந்து நின்றேன்.

"ஒம் பொண்ணுக்கு எத்தினி மாசம் ஆவுது?" என்றாள்.

"ஏழு."

"ம்."

"நாளைக்கி காலையில இடிக்கிறேன் யக்கா. எம் பொண்ணோட நைனா இன்னா சொன்னாலும் சரி. நானே இடிக்கிறேன்."

அவள் சரிவைப் பார்த்தாள், உள்ளே படுத்திருந்த என் மகளைப் பார்த்தாள். கேலியாகவாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"கடப்பாரை சத்தம் கேட்டா புள்ள பயந்துக்கும்மே. இடிக்கிற வரைக்கும் எங்க வூட்ல கொண்டாந்து ஒக்கார வை. அன்னிக்கி எம் மருமவள நீ வெச்சிக்கின இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காலையில் என் வீட்டுக்காரர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மகளைக் கொண்டுபோய் அக்கா வீட்டில் விட்டேன். மருமகள் அவளுக்குப் பால் சுட வைத்தாள். திரும்பி வந்து கடப்பாரையை எடுத்தேன். தோள் கழன்றுவிடும் போலிருந்தது, நிறுத்தவில்லை. மத்தியானம் ஆயிற்று. நாலாவது வீட்டுக்கும் கோடி வீட்டுக்கும் எத்தனை அடி என்பது எனக்குத் தெரியும். தறி ஓடாத அந்த வீட்டில், என் மகளுக்குக் கடப்பாரையின் ஒவ்வொரு அடியும் நன்றாகக் கேட்டிருக்கும்.