மேட்னிக்குத் தனியாகப் போகிறவள்

மல்லசமுத்திரத்தில் தையல்கடை வைத்திருக்கிறேன். லைனிங் துணி, நாடா, ஊக்கு, ஜிப் எல்லாம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மொத்த விலைக்கு எடுப்பேன். புதன்கிழமை காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். உடனே திரும்பி வர மாட்டேன். பக்கத்திலிருக்கும் தியேட்டரில் மேட்னி பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் பஸ் ஏறுவேன். இதை வீட்டில் நான் சொன்னதில்லை. பொய்யும் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

என் கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் போனால் மழைக்காலத்துக்குத்தான் வருவார். மகள் நாமக்கல்லில் ஹாஸ்டலில் படிக்கிறாள். சாயங்காலம் நான் எத்தனை மணிக்கு வீடு வந்தாலும் பூட்டுதான் என்னை வரவேற்கும்.

எனக்குப் பிடித்தது ஒரே வகைப் படம். அதில் ஒரு பெண் இருப்பாள். அழகாக இருப்பாள், அவளைச் சுற்றி ஆண்கள் ஒவ்வொருவராகச் சாவார்கள். ஒரு போலீஸ்காரனோ துப்பறிவாளனோ அவளைத் தேடிக்கொண்டு வருவான். பாதிப் படத்தில் அவளிடமே மனதைப் பறிகொடுப்பான். கடைசியில் அவளைச் சுட்டுவிடுவார்கள், இல்லாவிட்டால் ஜீப்பில் ஏற்றுவார்கள். அவன் மழையில் நனைந்தபடி நிற்பான். தமிழ், மலையாளம், கொரியாவில் எடுத்துத் தமிழில் பேசவைத்தது, எதுவானாலும் போய் உட்கார்ந்துவிடுவேன். தையல்காரி என்பதால் அவள் சட்டையின் தோள்வெட்டில்தான் முதலில் கண் போகும். பிறகு அவள் நடையில். ஓர் அறைக்குள் நுழையும்போது அவள் யார் முகத்தையும் பார்த்து உத்தரவு வாங்குவதில்லை. அதைப் பார்ப்பதற்காகவே டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு தகும்.

போன வருஷம் ஒரு புதன்கிழமை லைனிங் கடையில் ஓர் ஆளைக் கவனித்தேன். ஐம்பத்தைந்து, அறுபது வயது இருக்கும். கையில் மஞ்சப்பை, ஒரு காலை இழுத்து நடந்தார். சேலை ஃபால்ஸ் என்ன விலை என்று கேட்டார். என்ன கலர் என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டதும் முழித்தார். அன்றைக்கு மத்தியானம் அதே ஆள் தியேட்டரில் எனக்கு இரண்டு வரிசை பின்னால் இருந்தார். அடுத்த வாரம் வழியில் அட்டையாம்பட்டியில் பஸ் நின்றபோது அதே மஞ்சப்பை ஏறியது.

திருடனோ என்றுதான் முதலில் பயந்தேன். ஆனால் அவர் என் கைப்பையைப் பார்க்கவே இல்லை. நான் யாரிடம் பேசுகிறேன் என்பதை மட்டும் பார்த்தார். படங்களில் இதைப் போதுமான அளவு பார்த்தவள் நான். சேலத்தில் இறங்கித் திரும்பிப் பார்க்காமல், தேவையில்லாமல் ஒரு சந்துக்குள் நுழைந்து சுற்றிவந்து, ஒரு வளையல் கடைக்குள் போய்க் கண்ணாடி முன்னால் நின்றேன். கண்ணாடிக்குள் தெரு தெரிந்தது. எதிர்ப்பக்கம் ஆட்டோக்களுக்கு நடுவில் அவர் மூச்சு வாங்க முட்டியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். என் பயமெல்லாம் கோபமாக மாறியது அப்போதுதான்.

அன்றும் தியேட்டருக்குப் போனேன். படத்தில் அவள் இரண்டாவது கணவனுக்கு விஷம் வைத்து முடித்ததும் இடைவேளை விட்டார்கள். இரண்டு டீ வாங்கிக்கொண்டு நேராக அவர் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, முட்டி ரொம்ப வலிக்குதுங்களா?"

அவர் தூக்கிவாரிப்போட நிமிர்ந்தார். "யாரும்மா நீங்க? உங்கள எனக்குத் தெரியாதே."

"தெரியாமத்தான் அட்டையாம்பட்டியில இருந்து கூடவே வாரீங்களா?"

திரையில் நகைக்கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அது முடியும்வரை பார்த்தார். பிறகு டீயை வாங்கிக்கொண்டார். "ஆத்தூர்க்காரன்மா நான். போலீஸ்ல ஏட்டா இருந்து ரிட்டையர் ஆயிட்டேன். இப்ப ஒரு டிடெக்டிவ் ஆபீஸ்ல இருக்கேன். பெரும்பாலும் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைய விசாரிக்கிற வேலதான்."

"உங்கள அனுப்புனது எங்கூட்டுக்காரருங்களா?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா." ஒரு மடக்கு குடித்தார். "அவரோட அக்கா."

எங்கள் பக்கம் கணவரின் அக்காவை நங்கை என்று கூப்பிடுவோம். என்னுடைய நங்கை எருமப்பட்டியில் இருக்கிறார். என்னைப் பார்க்க வருடத்துக்கு ஒருமுறைகூட வராதவர், காசு கொடுத்து ஆள் வைத்துப் பார்த்திருக்கிறார்.

ஏட்டு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "புதன்கெழமையானா நீங்க லேட்டா வீடு திரும்புறது அவங்க காதுக்குப் போயிருக்கு. நீங்க யாரச் சந்திக்க வர்றீங்கன்னு கண்டுபிடிக்கணும். அதான் வேல. நானும் இத்தன வாரமா பாக்குறேன், யாரும் வரல. உங்க பக்கத்து சீட்டு கடைசிவரைக்கும் காலியாவே கெடக்கு. ஏம்மா, நெஜமாவே படம் பாக்கத்தான் வர்றீங்களா?"

"தியேட்டருக்கு வேற எதுக்குங்க வருவாங்க?"

அவர் யோசித்தார். "இத எங்க ஆபீஸ்ல யாரும் நம்ப மாட்டாங்கம்மா."

விளக்கு அணைந்ததும் எழுந்து என் சீட்டுக்குப் போய்விட்டேன். படம் முடிந்து வெளியே வந்தபோது வாசலில் அவர் காத்துக்கொண்டிருந்தார். பின்தொடர்வதை விட்டுவிட்டார் போலும்.

"அந்தப் பொண்ணச் சுட்டிருக்க வேணாம். ஜெயில்ல போட்டிருக்கலாம்" என்றார்.

"தப்பிச்சுப் போகவே உட்டிருக்கலாமுங்க."

"அதெப்படிம்மா? மூணு கொலை பண்ணியிருக்கா!"

"அந்தப் போலீஸ்காரன் எத்தன பேரச் சுட்டான்னு எண்ணுனீங்களா?"

பஸ் ஏறும் முன் அவரிடம் ஒன்று சொன்னேன். "பாத்ததப் பாத்தபடி சொல்லிப்போடுங்க. எனக்காவ எதையும் மறைக்க வேண்டாம்."

மழை தொடங்கி என் கணவர் ஊர் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நங்கை வந்தார். வைத்த காபியைத் தொடவில்லை. தம்பியைப் பார்த்துத்தான் பேசினார்.

"உம்பொண்டாட்டி வாரவாரம் சேலத்துல சினிமாவுக்குப் போறா. தனியாப் போறாளாம்! எந்தப் பொம்பளையாச்சும் தனியாப் போயிப் படம் பாப்பாளா? நான் அனுப்புன ஆளையே டீ வாங்கிக் குடுத்து மயக்கிப்போட்டாடா இவ. அவன் எங்கிட்டயே போன்ல சொல்றான், நல்ல பொம்பளைங்கன்னு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. சர்க்கரை மாத்திரை போடுகிறவள், மிஷின் மிதித்துக் காலில் நரம்பு சுருண்டவள், ஒரு கிளாஸ் டீயில் ரிட்டையரான ஏட்டை மயக்கிவிட்டேன்! இத்தனை வருஷம் திரையில் நான் பார்த்த பெண்களில் எத்தனை பேர் என்னைப் போல ஒரு டீ மட்டுமே வாங்கிக் கொடுத்தவர்களோ என்று அந்த நிமிஷம் சந்தேகம் வந்தது. அவர்கள் கதையைச் சொன்னதெல்லாம் அவர்களைத் துரத்தியவன்தானே.

சிரிப்பு நின்றதும் சொன்னேன். "ஆமாங்க நங்கை, தனியாத்தான் போறேன். இனியும் போவேன். மறுக்கா ஆள் அனுப்பறதா இருந்தா முட்டி நல்லா இருக்கற ஆளாப் பாத்து அனுப்புங்க."

"பாத்தியாடா வாய?" என்றார் நங்கை.

"இன்னொண்ணும் கேட்டுக்கங்க. வருஷத்துல பாதி நாள் இவரு சத்தீஸ்கர்ல இருக்கறாரு. அங்க என்ன பண்றாரு, யாரோட பேசறாருன்னு நான் ஆள் உட்டுப் பாத்தனுங்களா?"

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நங்கை எழுந்து போனார். அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு பேச்சில்லை.

அன்று சாயங்காலம் என் கணவர் மெதுவாகச் சொன்னார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பனே. இனி நான் ஊர்ல இருக்கறப்ப ரெண்டு பேரும் போலாம்."

நல்ல மனதோடு சொன்னதுதான். அதனாலேயே பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. "உங்ககூடயும் வாரேனுங்க. ஞாயித்துக்கெழம, நீங்க சொல்ற படத்துக்கு. புதன்கெழம மட்டும் நான் தனியாத்தான் போவேன்."

"ஏன்?"

"அந்த ரெண்டரை மணி நேரம் நான் யாருக்கும் ஒண்ணும் ஆகாதவளுங்க. அது எனக்கு வேணும்."

அவருக்குப் புரியவில்லை. சில நாள் போகாதே என்று சொல்லிப்பார்த்தார். இப்போதும் பிடிக்கவில்லை, அதை மறைப்பதும் இல்லை. ஆனால் போகாதே என்று சொல்வதை நிறுத்திவிட்டார்.

நங்கை வழியாகச் சேதி ஊருக்குள் பரவியது. ஊர் அவ்வளவு சுலபமாக விடவில்லை. ஒரு கல்யாண வீட்டு ரவிக்கைத் துணி முழுக்க, அளவெல்லாம் எடுத்த பிறகு, என் கடையிலிருந்து திருச்செங்கோட்டில் வேறு தையல்கடைக்குப் போனது. துணியைத் திரும்ப வாங்கிப்போக வந்த பெண் என் கண்ணைப் பார்க்கவில்லை. அது வலித்தது. அந்த வாரம் செவ்வாய்ப்பேட்டையில் முதல் முறையாகச் சிவப்பு லிப்ஸ்டிக் ஒன்று வாங்கினேன். அடுத்த புதன்கிழமை அதைப் போட்டுக்கொண்டு கடைவீதி வழியாகவே நடந்து பஸ் ஏறினேன். எனக்கு அது நன்றாகவே இல்லை. இருந்தும் துடைக்கவில்லை.

போன துணிக்குப் பதிலாக வேறு துணிகள் வந்தன. அளவு கொடுக்க வரும் பெண்கள், கையைத் தூக்கி நிற்கும்போதே, இந்த வாரம் என்ன கதை என்று கேட்கத் தொடங்கினார்கள். சொல்வேன். அவள் சுடப்பட்டாள் என்றால் சுடப்பட்டாள் என்றே சொல்வேன். சண்டைக்கு வருவார்கள். ஒருத்தி, "அவனத்தான் சுட்டிருக்கோணும்" என்று அளவு நாடாவைப் பிடுங்கி மேசைமேல் அடித்தாள்.

சென்ற மாதம் ஒரு பள்ளிக்கூட டீச்சர் ரவிக்கை வாங்கிக்கொண்டு போகாமல் தயங்கி நின்றார்.

"அடுத்த புதன்கெழம எனக்கு லீவுங்க. நானும் வரட்டுங்களா?"

"தாராளமா வாங்க" என்றேன். "ஆனா வேற வரிசையில உக்காந்துக்கோணும்."