சுகுணாக்காவின் ஏழாவது வரி

நேற்றைய தேதித் தாளைக் காலண்டரிலிருந்து கிழித்து, அதன் முதுகில் எழுத ஆரம்பித்துவிட்டார் சுகுணாக்கா. ராகுகாலமும் எமகண்டமும் அந்தப் பக்கம். இந்தப் பக்கம், 'ஒன்று: பைல் எல்லாம் இரண்டு இடத்தில் காப்பி. இரண்டு: காப்பி திறக்கிறதா என்று பார்.' ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'கெட்டால் என்ன செய்வது' என்று இன்னொரு வரி. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த மைதிலிக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, இன்னைக்கே முடிச்சுத் தர முடியாதுங்களா? அவசரமுங்க."

"அவசரமா? அப்ப நாளைக்கு வா கண்ணு."

மலைமேல் இருக்கிற செம்மேட்டுக்கே பழக்கமான பதில் இது. கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வருகிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். மறுநாள் அதே கடை வாசலில் நிற்பார்கள். வேறு எங்கே போவது, ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுபது வளைவு இறங்கி அடிவாரத்துக்கா? பதினாறு வருஷமாகக் கடை நடத்துகிறார் அக்கா. கடுங்காப்பியில் மிளகைத் தட்டிப் போட்டுக் குடிப்பார். வந்தவர்களுக்கும் அதையே கொடுத்து இருமவைப்பார். உள்ளே முக்கியமானது ஏதாவது இருக்கிறதா என்று மூன்று தரம் கேட்பார். இல்லை என்றால் நம்பமாட்டார். "ஒண்ணுமில்லீங்கன்னு சொல்றவங்க பொட்டியிலதான் கல்யாண வீடியோவே இருக்கும்" என்பார்.

மைதிலிக்கு அதே மலையில் குண்டூர் நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். வீட்டிலிருந்தபடியே பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்குத் தட்டச்சு வேலை பார்க்கிறாள். திங்கட்கிழமையிலிருந்து பழைய விண்டோஸ் செல்லாது, புதியது இல்லாதவர்களுக்கு வேலை இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. வேலை போனால் அவளும் கணவனோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகவேண்டியதுதான். ஆறு வயது மகளை விடுதியில் விடவேண்டிவரும். "விடுதின்னு பேச்செடுத்தாலே புள்ள சோறு திங்க மாட்டேங்குதுங்க்கா" என்றாள்.

புது விண்டோஸ் போடுவது அக்காவுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிற வேலை. பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து போட்டுக்கொள்ளலாம். தொல்லை அதற்கு முந்தைய படியில். சுவிட்சைத் தட்டியதும் கம்ப்யூட்டரை எழுப்பிவிடுகிற சின்ன மென்பொருள் ஒன்று போர்டுக்குள்ளேயே உண்டு; பயாஸ் என்பார்கள். மைதிலியின் பழைய பெட்டியில் அதைப் புதுப்பித்தால்தான் புது விண்டோஸ் ஏறும். ஏழெட்டு நிமிஷ வேலை. அதற்குள் கரண்ட் ஒரு தரம் கண் சிமிட்டினாலும் போர்டு போச்சு. கடை யு.பி.எஸ். பேட்டரியோ செத்துக் கிடக்கிறது. புது பேட்டரி மலையேறி வர செவ்வாய் ஆகும்.

மின்வாரியத்துத் தனபாலைக் கூப்பிட்டார் அக்கா.

"ஆடிக் காத்துங்க்கா. பொழுது சாஞ்சா விடியற வரைக்கும் என்னால பொறுப்பேத்துக்க முடியாது. பகல் பதினோரு மணின்னா லைன் நெலையா இருக்கும். ஆனா பக்கத்துல மில்லு ஓடுதேங்க? மோட்டார் எடுக்கையில லைட்டே மங்கி அழுவுது."

அந்தப் பேச்சை மட்டும் அக்கா காதில் வாங்காதவர்போல் போனை வைத்தார். அடுத்த கடை பாவாயியின் மாவு மில். வாரம் ஏழு நாளும் ஓடும். இரண்டு வருஷத்துக்கு முன் இதே மோட்டார் இழுத்த இழுப்பில் ஒரு கம்ப்யூட்டர் போய்விட, அக்கா தெருவில் நின்று, "உன்ற மில்லு நாசமாப் போவ" என்று கத்திவிட்டார். ராகி அரைக்க வந்த அத்தனை பேரும் கேட்டார்கள். பாவாயி பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. பதிலுக்குத் திட்டியிருந்தாலாவது தேவலை என்று அக்காவுக்கு இன்றும் உறுத்தும்.

வியாழன் போயிற்று, வெள்ளியும் போயிற்று. காப்பி எடுத்தாயிற்று, திறந்து பார்த்தாயிற்று, பென் டிரைவ் இரண்டு தயார். தாளில் எல்லா வரிக்கும் டிக் விழுந்தது, ஏழாவதைத் தவிர. 'பாவாயிகிட்டச் சொல்லணும்.' அக்கா தாளைப் புதிதாக அழகாக எழுதினார். மறுபடியும் எழுதினார். சனிக்கிழமை காலையில் மைதிலி அந்த வரியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"நான் போயிச் சொல்லட்டுங்களாக்கா?"

"நீ எதுக்கு? பேசுனது நானு."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினார். மில்லில் கூட்டம். மோட்டார் சத்தத்தில் இரண்டு தரம் கத்திச் சொல்லவேண்டியிருந்தது.

"ஏனுங்க்கா, பத்து நிமிசம் மில்ல நிறுத்தோணும்."

"உன்ற கடைக்கா?"

"இல்லீங்க. ஒரு புள்ளையோட பொழப்புங்க." விஷயத்தைச் சொன்னார். தயங்கினார். "அன்னைக்கு நான் பேசுனது தப்புங்க்கா."

பாவாயி மோட்டாரை நிறுத்தி, மெயினை இறக்கி, பியூஸ் கட்டைகளை உருவி, மாவுக் கையோடு அக்காவிடம் நீட்டினார். "நீயே வச்சுக்க புள்ள. எங்கூட்டுக்காரரு வந்தா மில்லு ஏன் நிக்குதுன்னு மோட்டாரப் போட்டுத் தொலைச்சிருவாரு."

பதினோரு மணி. மைதிலி சுவரோடு ஒட்டி நின்றாள். திரையில் பயாஸ் ஏறுவதைக் காட்டும் கோடு எறும்பு ஊர்வதுபோல் நகர்ந்தது. முடிவுக்கு வந்ததும் திரை பொசுக்கென்று இருண்டது. மின்விசிறி மட்டும் உள்ளே இரைந்தது. அட, எவ்வளவு நேரம்! பிறகு, கம்ப்யூட்டர் செய்த கம்பெனியின் பெயர் வெள்ளையாக வந்து நின்றது.

"பொழச்சுக்கிச்சு கண்ணு!"

மைதிலி ஓவென்று அழுதுவிட்டாள். விண்டோஸ் பென் டிரைவைச் செருகி அதை ஓடவிட்டு, அவள் தலையை ஒரு தரம் தடவிக்கொடுத்துவிட்டு, அக்கா மில்லுக்குப் போனார். ராகியும் சாமையுமாக ஒன்பது பேர் மூட்டைமேல் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

"அந்தப் புள்ளைக்கு ஆச்சா?" என்றார் பாவாயி.

"ஆச்சுங்க்கா."

பியூஸைப் போட்டார்கள்; மோட்டார் உறுமிக்கொண்டு எழுந்தது. சுகுணாக்கா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது? முதலில் உட்கார்ந்திருந்தவளை எழுப்பி, அவளுடைய ராகி மூட்டையை இடுப்புக்குத் தூக்கி, பலகைமேல் ஏறி, மில்லின் வாயில் தானே சாய்த்தார்.